வன்னியில் திட்ட உதவி உத்தியோகத்தர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்டச் செயலகங்களிலும் திணைக்களங்களிலும் வெளிநாட்டு நிதியில் இயங்கும் திட்ட அலுவலகங்களிலும் திட்ட உதவி உத்தியோகத்தர் பதவிக்கு அவ்வப்போது விண்ணப்பம் கோரப்படுகிறது. பல இடங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவரே திட்டமிடல் கிளையில் இருந்துகொண்டு இதே வேலையைச் செய்கிறார். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் இந்த வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைத் தொகுத்து, திட்டமிடல் கிளையில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில் விடை எழுதுகிறேன்.

இந்த வேலை என்னவென்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கோப்பில் எழுதியிருப்பதும் ஊரில் நடந்திருப்பதும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலை. முடிவெடுப்பவர் திட்டமிடல் பணிப்பாளர். அளவெடுப்பவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பணம் விடுவிப்பவர் கணக்காளர். மண்வெட்டி பிடிப்பவர் ஒப்பந்தகாரரின் ஆள் அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஆள். இத்தனை பேரிடமும் ஒரே தகவல் இருக்கிறதா என்று அன்றாடம் கவனிக்க ஒருவர் வேண்டும். கால அட்டவணை, கடிதப் போக்குவரத்து, கூட்டக் குறிப்பு, முன்னேற்ற அறிக்கை, புகைப்படம், பட்டியல், நினைவூட்டல் எல்லாம் அந்த ஒருவரின் மேசையில்தான் சேரும்.

அதிகாரம் குறைந்த பதவி என்று சிலர் தயங்குகிறார்கள். கையெழுத்திடும் அதிகாரம் குறைவுதான். ஆனால் பணிப்பாளர் கையெழுத்திடும் ஒவ்வொரு தாளும் உங்கள் தகவலை நம்பியே அவர் முன் வைக்கப்படுகிறது.

எந்த அலுவலகத்தின் கீழ் வேலை செய்ய வேண்டியிருக்கும்?

மத்திய அரசின் மாவட்டச் செயலகம், அதன் கீழுள்ள பிரதேச செயலகங்கள், வட மாகாண சபையின் திணைக்களங்கள், பிரதேச சபைகள், தனியாக அமைக்கப்படும் திட்ட முகாமைத்துவ அலகுகள் என எங்கும் இருக்கலாம். எங்கே அமர்ந்தாலும் எந்தச் சொத்து யாருடையது என்று தெரிந்திருப்பது முதல் தேவை.

ஏ9 போன்ற பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியவை. அடுத்த தரத்து வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், ஊருக்குள் ஓடும் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கும் உரியவை. குளங்களிலும் அப்படித்தான். 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. இரணைமடு போன்ற பெரிய குளத்தை மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம் பார்க்கிறது. உரிய அலுவலகத்தின் சம்மதக் கடிதம் இல்லாமல் போட்ட மதிப்பீடு பாதி வழியில் நின்றுவிடும். ஊரார் வந்து, "எங்கள் ஒழுங்கையை ஏன் கைவிட்டீர்கள்?" என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஒரு வருடம் எப்படி ஓடும்?

நான் மிக நீளமாகப் பதில் சொல்ல விரும்பும் கேள்வி இது. வன்னியில் திட்டங்கள் பிழைப்பதும் கெடுவதும் இங்கேதான்.

அரசின் நிதியாண்டு ஜனவரி 1 இல் தொடங்கி டிசெம்பர் 31 இல் முடிகிறது. அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய பணத்தை அந்த ஆண்டுக்குள் செலவிடாவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். வேலை எஞ்சினால் அடுத்த ஆண்டில் தொடர்ச்சி வேலையாக மீண்டும் பணம் கேட்டு நிற்க வேண்டும். தாளில் பார்த்தால் 12 மாதம் கையில் இருக்கிறது. மண்ணில் பார்த்தால் இல்லை.

ஐப்பசியில் மாரி மழை பிடித்துவிட்டால் குளக்கட்டில் மண் இறுக்க முடியாது, கிறவல் வீதியில் உருளை ஓட முடியாது, டிப்பர் புதைந்துபோகும். கால்வாய் வேலைக்கு இன்னும் நெருக்கடி. சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கும்வரை கால்வாயில் கை வைக்க இயலாது. அறுவடை நெருங்கித் தண்ணீர் நிறுத்திய பிறகு, காலபோக விதைப்புக்கு முன், ஆவணி, புரட்டாசியில் கிடைக்கும் சில வாரங்களே உண்மையான வேலைக்காலம். அந்த வாரங்கள் வந்து சேரும்போது மதிப்பீடு அங்கீகரிக்கப்பட்டு, விலைமனு திறக்கப்பட்டு, ஒப்பந்தம் கைச்சாத்தாகி, சீமெந்தும் கம்பியும் இறங்கியிருக்க வேண்டும்.

நல்ல உதவி உத்தியோகத்தர் அட்டவணையைப் பின்னாலிருந்து போடுவார். புரட்டாசி முடிவில் வேலை முடிய வேண்டும் என்றால் ஆடியில் ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். அதற்கு வைகாசியில் விலைமனு கோர வேண்டும். அதற்கு மாசி, பங்குனியில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் களத்தில் அளவெடுத்து முடித்திருக்க வேண்டும். கமக்காரர் அமைப்புகள் கூடும் சிறுபோகக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். தண்ணீர் திறக்கும் திகதியும் நிறுத்தும் திகதியும் அங்கேதான் தீர்மானமாகின்றன. உங்கள் அட்டவணையில் எழுத வேண்டிய முதல் இரண்டு திகதிகள் அவைதான்.

ஒதுக்கீடு பிந்தி வந்து, ஐப்பசியில் வேலை தொடங்கி, மார்கழியில் அவசரமாகக் கொடுப்பனவுப் பட்டியல் போட்டு முடித்த கட்டுகள் அடுத்த வெள்ளத்தில் என்ன ஆகும் என்பதை வன்னியில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. 2018 டிசெம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்டவர்கள் நாங்கள். ஒதுக்கீடு பிந்தியதற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் "இந்த வேலையை இப்போது தொடங்கினால் மழைக்கு முன் முடியாது" என்று எழுத்தில் ஒரு குறிப்பை உரிய நேரத்தில் மேலே அனுப்புவது உங்கள் கடமை.

களத்துக்குப் போக வேண்டுமா? போனால் என்ன பார்க்க வேண்டும்?

கட்டாயம் போக வேண்டும். தரத்துக்குச் சான்று கொடுப்பது தொழில்நுட்ப உத்தியோகத்தரின் வேலை. அதில் நீங்கள் தலையிடக் கூடாது. ஆனால் எண்ணிப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

500 மீற்றர் நீளம், 12 அடி அகலம், இறுகிய நிலையில் 6 அங்குலத் தடிப்பு என்று ஒரு கிறவல் வீதி மதிப்பீட்டில் இருக்கிறது. 500 மீற்றர் என்பது 1,640 அடி. அதை 12 ஆல் பெருக்கி, அரை அடித் தடிப்பால் பெருக்கினால் 9,840 கன அடி வரும். 100 கன அடி ஒரு கியூப் என்பதால் ஏறக்குறைய 98 கியூப். உருளை ஓடி இறுகும்போது கனவளவு குறையும் என்பதால் கொட்ட வேண்டியது இதைவிடக் கூட. வீதியோரத்தில் இறக்கிய சுமைகளைச் சங்கச் செயலாளர் கொப்பியில் குறித்திருப்பார். அந்தக் கொப்பியில் 60 கியூப் மட்டும் இருந்தால், ஒப்பந்தகாரரிடம் வாதிட வேண்டாம். கொப்பியைப் படம் எடுங்கள், கணக்கைத் தாளில் போடுங்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமும் பணிப்பாளரிடமும் அன்றே கொடுங்கள்.

புகைப்படத்திலும் ஒழுங்கு வேண்டும். வேலைக்கு முன், நடுவில், முடிவில் மூன்று படமும் ஒரே இடத்தில் நின்று எடுக்கப்பட வேண்டும். ஒரு பாலை மரம், ஒரு மதகு, ஒரு மின்கம்பம் என மாறாத ஏதாவது ஒன்று மூன்றிலும் தெரிய வேண்டும். வெறும் சிவப்பு மண்ணைக் காட்டும் படம் எந்த ஊர் வீதிக்கும் பொருந்தும். கைபேசியில் இட அமைவைப் பதிவு செய்யும் வசதியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வன்னியில் புதுக்குளமும் பெரியகுளமும் எத்தனையோ இருக்கின்றன. கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரும் இலக்கமும் இட அமைவும் இல்லாத அறிக்கையை வைத்து எந்தக் குளம் என்று யாராலும் சொல்ல முடியாது.

கூட்டக் குறிப்பு எழுதுவது அவ்வளவு பெரிய வேலையா?

பெரிய வேலைதான். "கால்வாய்த் திருத்த வேலையை விரைவில் முடிப்பதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் அந்தத் தீர்மானத்தை யாரும் செய்ய வேண்டியதில்லை. "இடதுகரைக் கால்வாயில் முதலாம் துருசு தொடக்கம் பாடசாலை மதகு வரை உடைந்த பகுதியின் திருத்திய மதிப்பீட்டைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஜூலை 15 ஆம் திகதிக்கு முன் திட்டமிடல் கிளைக்குச் சமர்ப்பிக்க வேண்டும்" என்று எழுதுங்கள். யார், எதை, எப்போது என்ற மூன்றும் இருந்தால்தான் அடுத்த கூட்டத்தில் கேள்வி கேட்க முடியும். குறிப்பைக் கூட்டம் முடிந்த மறுநாளே அனுப்பிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து வரும் குறிப்பை யாரும் வாசிப்பதில்லை.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் பேச்சு சூடாவதும் உண்டு. பேச்சின் சூட்டை எழுத வேண்டியதில்லை. தீர்மானத்தை எழுதினால் போதும். தீர்மானம் எடுக்கப்படவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

கணக்கியல் எவ்வளவு தெரிய வேண்டும்?

கணக்காளர் அளவுக்கு வேண்டாம். ஒதுக்கீடு, விடுவிக்கப்பட்ட கட்டுநிதி (கைக்கு வந்த காசு), கடப்பாடு (கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை), செலவு என்ற நான்கும் வெவ்வேறு என்று தெரிய வேண்டும். கையில் காசு வராமலேயே ஒதுக்கீடு இருக்கலாம். வேலை முடிந்தும் பட்டியலுக்குரிய பணம் கொடுபடாமல் இருக்கலாம். பௌதிக முன்னேற்றம் 80 வீதமும் நிதி முன்னேற்றம் 30 வீதமும் என்று ஒரு திட்டம் காட்டினால் ஏன் என்று சொல்லத் தெரிய வேண்டும். எதிர்ப்புறமாக நிதி ஓடி வேலை பின்தங்கியிருந்தால் அன்றைக்கே களத்துக்குப் போக வேண்டும்.

நிதிப் பிரமாணங்களையும் பெறுகை வழிகாட்டல்களையும் வாசித்துக்கொள்ளுங்கள். நீண்டகாலம் நடைமுறையில் இருந்த 2006 ஆம் ஆண்டுப் பெறுகை வழிகாட்டல்களுக்குப் பதிலாக 2025 ஜனவரி முதல் புதியவை வந்துவிட்டன. பழைய வழக்கத்தைச் சொல்லித்தரும் மூத்தவர்களிடம் மரியாதையோடு கேட்டுக்கொண்டு, நடைமுறையில் உள்ள விதியை நீங்களே திறந்து பாருங்கள்.

விலையேற்றத்தையும் மறக்கக் கூடாது. 2021 இல் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்து மூடை 2022 நடுப்பகுதியில் இரண்டு மடங்கையும் தாண்டியது. வேலைகள் அப்படியே நின்றன. நின்ற நாளில் எவ்வளவு முடிந்திருந்தது என்று அளந்து பதிவு செய்த திட்டங்களுக்குப் பின்னர் தீர்வு காண்பது எளிதாக இருந்தது. பதிவு இல்லாதவை இழுபட்டன.

பயனாளிகளைத் தெரிவு செய்வதில் திட்ட உதவி உத்தியோகத்தருக்கு என்ன பங்கு?

தெரிவு செய்வது இவர் இல்லை. ஆனால் தெரிவு நேர்மையாக நடந்ததா என்பதற்குச் சாட்சி இவர் வைத்திருக்கும் கோப்புத்தான். தகுதி விதியை முதலிலேயே ஊருக்குச் சொல்ல வேண்டும். பட்டியலைக் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் பொதுநோக்கு மண்டபத்திலும் ஒட்ட வேண்டும். ஆட்சேபணைக்குக் காலம் கொடுத்து, வந்த ஆட்சேபணை ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். 2012 இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. உரியவரே தம் வீட்டைக் கட்டினார். அத்தகைய திட்டத்தில் அத்திவாரம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து உறுதிப்படுத்தும் தாள் பிந்தினால், ஒரு குடும்பம் தறப்பாளுக்குக் கீழே இன்னும் சில மழைநாள் கிடக்கும். மேசையில் தாள் கிடப்பது எத்தகைய விடயம் என்று விளங்க இதைவிட வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை.

வன்னியின் நிலைமைக்கே உரிய சிக்கல்கள் இருக்கின்றன. இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் இழந்தவர்கள் பலர். கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணிடம் மரணச் சான்றிதழ் கேட்கக் கூடாது. காணாமற்போனமைக்குச் சான்றிதழ் பெற 2016 ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. அதையும் பெற மனம் ஒப்பாத குடும்பங்கள் உண்டு. அவர்களை வற்புறுத்துவது உங்கள் வேலை இல்லை. காணி கணவர் பெயரில் இருந்தால் என்ன செய்யலாம் என்று பிரதேச செயலகக் காணிக் கிளையில் நீங்களே கேட்டு, விடையோடு அந்த அம்மாவிடம் போங்கள். அவரை மேசைக்கு மேசை அலைய விடாதீர்கள்.

கூட்டம் வைக்கும் நேரமும் நீதியோடு சம்பந்தப்பட்டது. காலை 10 மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலிவேலைக்குப் போகும் பெண்களும் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளும் வர மாட்டார்கள். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் இவ்வளவு பேர் வாழும் மாவட்டங்களில், அவர்கள் வராத கூட்டத்தின் தீர்மானத்தை ஊரின் தீர்மானம் என்று கோப்பில் எழுத எனக்கு மனம் வருவதில்லை. பின்னேரம் வையுங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். கரையோர ஊர்களில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடம் கேட்டுவிட்டு நேரம் குறியுங்கள்.

காணி, காடு, கண்ணிவெடி பற்றி என்ன கவனிக்க வேண்டும்?

இடம் தெரிவானதும் கேட்க வேண்டியவை: காணி யாருடையது? வனவளத் திணைக்களத்தின் எல்லைக்குள் வருகிறதா? வனசீவராசிகள் திணைக்களமோ தொல்லியல் திணைக்களமோ உரிமை கோருகிறதா? கண்ணிவெடி அகற்றப்பட்டதற்கு எழுத்துச் சான்று இருக்கிறதா? போர் 2009 இல் முடிந்த பிறகும் முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி மிக நீண்டகாலம் தொடர்ந்தது. "அந்தப் பக்கம் மாடு மேய்கிறது, ஒன்றும் இல்லை" என்ற வாய்ச்சொல்லை நம்பிக் கூலியாட்களை இறக்கக் கூடாது. இந்த ஒரு விடயத்தில் எவர் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கணினி, மொழி?

எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும். திகதியைத் திகதியாகவும் பணத்தை எண்ணாகவும் பதியத் தெரிந்தாலே பாதி அறிக்கை தானாக வந்துவிடும். தமிழில் யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப் பழகுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்கள் இன்னொரு கணினியில் திறக்கும்போது வாசிக்க முடியாமல் போவதை ஒவ்வோர் அலுவலகத்திலும் காணலாம். அவற்றை மாற்றி வைப்பது நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

தமிழும் சிங்களமும் அரசகரும மொழிகள். நியமனம் பெற்றவர் குறித்த காலத்துக்குள் இரண்டாம் மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது விதி. விதிக்காக இல்லாவிட்டாலும் சிங்களம் படியுங்கள். கொழும்பிலுள்ள அமைச்சுக்குத் தொலைபேசி எடுத்து ஒரு கடிதம் எங்கே நிற்கிறது என்று கேட்க அது வேண்டும். வெலிஓயாவிலும் வவுனியா தெற்கிலும் சிங்கள மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே பதில் கிடைக்க வேண்டும். நிதி தரும் நிறுவனங்களுக்கான அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகும். எளிய, பிழையில்லாத ஆங்கிலம் போதும்.

ஒப்பந்தகாரரோ அரசியல்வாதியோ அழுத்தம் கொடுத்தால்?

வாய்மொழிப் பணிப்பை எழுத்தாக்குங்கள். "இன்று தாங்கள் தொலைபேசியில் பணித்தபடி" என்று தொடங்கும் ஒரு சிறு குறிப்பைப் பணிப்பாளருக்கு அனுப்பினால் பல அழுத்தங்கள் அங்கேயே நின்றுவிடும். ஒப்பந்தகாரரின் வாகனத்தில் களத்துக்குப் போக வேண்டாம். அவர் வாங்கித்தரும் மதியச் சாப்பாடும் வேண்டாம். வாகனம் இல்லாத நாளில் மோட்டார் சைக்கிளிலோ பஸ்ஸிலோ போகலாம். ஊர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பொதுமக்கள் கோப்பைப் பார்க்கக் கேட்டால்?

கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைச் சொல்ல வேண்டும். தகவலைத் தேடி எடுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் நீங்கள்தான். செலவு, காலம், ஒப்பந்தகாரர் பெயர் எழுதிய பலகையை வேலை தொடங்கும் நாளிலேயே நட்டுவிட்டால் பாதிக் கேள்விகள் எழவே மாட்டா. கணக்காய்வு ஐயவினா வந்தாலும் இதே நிதானம் வேண்டும்: கேட்டதற்கு மட்டும், ஆவணத்தோடு, குறித்த நாளுக்குள் பதில்.

என்ன தகுதி வேண்டும்? எங்கே படிக்கலாம்?

பதவிக்குப் பதவி மாறும். அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவிக்குப் பட்டம் வேண்டும். திட்ட அலுவலகங்கள் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கும் இடங்களில் பட்டம் அல்லது டிப்ளோமாவுடன் அனுபவம் கேட்பார்கள். திட்டம் முடியும்போது வேலையும் முடிந்துவிடும் என்பதைத் தெரிந்துகொண்டே சேருங்கள். வெள்ளிக்கிழமை வர்த்தமானியையும் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல்களையும் தொடர்ந்து பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகமாக இருந்து 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்தில் திட்ட முகாமைத்துவம் ஒரு பட்டப் படிப்பாகவே இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களில் விவசாயமும் பொறியியலும் படித்தவர்களும் இந்த வேலையில் நன்றாகப் பிரகாசிக்கிறார்கள்.

வேலை கிடைத்துவிட்டது. முதல் வாரத்தில் என்ன செய்வது?

முடிந்துபோன ஒரு திட்டத்தின் கோப்பைக் கேட்டு வாங்கி, முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை வாசியுங்கள். முன்மொழிவு, மதிப்பீடு, அங்கீகாரம், ஒப்பந்தம், அளவீடு, பட்டியல், கையளிப்பு என்று வரிசை பிடிபடும். பிறகு அந்த வேலை நடந்த ஊருக்குப் போய்ச் சங்கத் தலைவரைச் சந்தித்து, அது இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். கோப்பில் உள்ளதற்கும் அவர் சொல்வதற்கும் வேறுபாடு இருந்தால் குறித்துக்கொண்டு வந்து, உங்கள் உதவித் திட்டமிடல் பணிப்பாளரிடம் காரணம் கேளுங்கள்.